தண்ணி கட்டுறவள்

சின்னப்பொண்ணு என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். தண்ணி கட்டுறா என்பார்கள். வாய்க்காலில் வருகிற தண்ணீரை மண்வெட்டியால் மடை மாற்றி மாற்றிப் பயிருக்குப் பாய்ச்சுவதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். ரிஷிவந்தியத்துக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே, தெய்வசிகாமணிக்கு இருந்த கரும்பும் நெல்லும் அவள் கட்டிய தண்ணீரில்தான் வளர்ந்தன. அவளுக்கென்று ஒரு பாத்தி நிலம் கிடையாது. ஆனால் எந்தப் பாத்தி எவ்வளவு குடிக்கும், எது குடித்துவிட்டுக் கீழே ஒழுக விடும் என்பது அவள் காலுக்குத் தெரியும்.

முதலில் அது அவள் புருஷன் பிச்சைமுத்துவின் வேலை. ஒரு கோடையில் அவன் உளுந்தூர்பேட்டைக்கு லாரியில் மூட்டை ஏற்றப் போனான். “நான் வர்ற வரிக்கும் பாத்துக்கமே” என்று மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனவன் திரும்பி வரும்போது கரும்பு ஆள் உயரம் நின்றது. தெய்வசிகாமணி வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இனிமே அவளே கட்டட்டும்டா” என்று சொல்லிவிட்டார். டீக்கடையில் கொஞ்ச நாள் அதே பேச்சு.

“இன்னாபா பிச்சமுத்து, உன் வூட்ல தண்ணி போடறது நீ, தண்ணி கட்றது உன் பொண்டாட்டியா?”

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் பிச்சைமுத்துதான். அதன் பிறகு அவன் அந்த மண்வெட்டியைத் தொடவில்லை. சின்னப்பொண்ணும் கொடுக்கவில்லை. களை எடுப்பதும் நடவு நடுவதும் பத்துப் பேரோடு சேர்ந்து குனிகிற வேலை. தண்ணீர் கட்டும்போது மட்டும்தான் அவள் தனியாக, நிமிர்ந்து, ஒரு காரியத்தைத் தன் இஷ்டப்படி நடத்துகிறவளாக இருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கிண்டல் வரும்.

கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத ஒரு வருஷம் தெய்வசிகாமணி திடீரென்று, “நெலத்துல மீனு வுடப் போறேன்” என்றார். சின்னப்பொண்ணு அதை விளையாட்டு என்று நினைத்தாள். தை முடிந்ததும் ஜேசிபி வந்தது. அவள் வருஷக்கணக்காக மிதித்த வரப்புகளை அது சோற்றை அள்ளுகிற மாதிரி அள்ளிக் கரையாகக் கொட்டியது. வாய்க்காலின் தலைப்பில் சின்னக் குட்டை ஒன்று, அதற்குக் கீழே பெரிய குட்டை இரண்டு. அவற்றுக்கும் கீழே, கடைமடைக்கு அப்பால், ஒரு துண்டு கரும்பை மட்டும் பழைய ஞாபகத்துக்கோ என்னவோ விட்டு வைத்தார். அதையும் தாண்டினால் ஓடை.

அவளை அவர் அனுப்பவில்லை. “தண்ணி தண்ணிதான. நீயே பாத்துக்க” என்றார்.

ஆனால் தண்ணீர் அதே தண்ணீராக இல்லை. வயலில் அது போய்க்கொண்டே இருக்கும். இவளும் பின்னாலேயே போவாள். குட்டையில் அது வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. தன் வேலை முடிந்ததா இல்லையா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை. மண்வெட்டிக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு குட்டையின் தலைப்பிலும் சிமெண்ட்டுத் தொட்டி கட்டி, அதில் இரும்புப் பலகை வைத்து, மேலே ஒரு திருகு கம்பி நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கம்பியில் மாட்டித் திருப்ப ஒரு இரும்புச் சக்கரம். சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால் பலகை ஏறும், தண்ணீர் குழாய் வழியாக உள்ளே போகும். மறுபக்கம் சுற்றினால் இறங்கி அடைக்கும். மூன்று தொட்டிக்கும் சேர்த்து ஒரே சக்கரம். வேலை முடிந்ததும் கழற்றிக் கையோடு எடுத்து வந்துவிடலாம். குழாயின் வாயில் நீளமான வலைப் பை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். ஏரியிலிருந்து விரால், கெளுத்தி ஏதும் குட்டைக்குள் நுழைந்துவிட்டால் வளர்ப்புக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும் என்பதற்காக.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவர் ராஜாங்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். ஆந்திராவில் மீன் பண்ணைகளில் இருந்தவர் என்று தெய்வசிகாமணி கூட்டி வந்திருந்தார். தலையில் எப்போதும் துண்டு. மீன்களைப் பயலுவ என்பார்.

“விடியக்காலம் வந்து பாரும்மா. பயலுவ மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுனாங்கன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். ஒடனே புதுத் தண்ணி காட்டணும்.”

“தண்ணிக்குள்ள இருக்கறதுக்குத் தண்ணியில்லாம மூச்சு முட்டுதா சாரு?”

“அதான்ம்மா. தண்ணிலயும் காத்து வேணும்.”

சின்னப்பொண்ணு சரி என்று தலையாட்டினாள். பிடிபடவில்லை. ஆனால் ஒரு விடியலில் அப்படியே நடந்தது. குட்டை நிறையத் தண்ணீர் இருந்தும் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அவளைக் கேட்டால் ‘போதும் போதும், கொள்ளாத தண்ணி’ என்றிருப்பாள். ராஜாங்கம் கையைக் காட்டினார், அவள் சக்கரத்தைச் சுற்றினாள், புதுத் தண்ணீர் விழுந்த இடத்தில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக எதிர்த்து ஏறி வந்தன. அன்றிலிருந்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். குட்டை விஷயத்தில் தன் கண்ணுக்குப் பட்டதை நம்பக் கூடாது. சாரு சொன்னால் செய்துவிட வேண்டும்.

அதுவரை அவர் பக்கத்திலேயே நின்று கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். வாய்ச்சொல் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் தேவைப்பட்டது. ராஜாங்கம் மீன் தீனி எடுக்க உளுந்தூர்பேட்டைக்குப் போயிருந்தார். மேற்கே கல்வராயன் மலை மேல் வானம் கறுத்துக் கிடந்தது; ஊரில் இன்னும் சொட்டு விழவில்லை. சின்னக் குட்டையில் புதிதாக விட்ட கெண்டைக் குஞ்சுகள், விரல் நீளம்கூட இல்லாதவை. சின்னப்பொண்ணுவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பின்னால் பஸ் ஹாரன், கண்டக்டரின் விசில், அதற்கு நடுவே ராஜாங்கத்தின் குரல்.

“சின்னப்பொண்ணும்மா! சின்னக் குட்டைக்குத் தண்ணியக் கட்டிடும்மா. ஒடனே!”

“இன்னா சாரு?”

“சின்னக் குட்டைக்குத் தண்ணியக் கட்டு! முழுசாக் கட்டிடு. அரைகுறையா விட்டுடாத!”

போன் அறுந்தது.

அவள் குட்டையைப் பார்த்தாள். தண்ணீர் போதுமான அளவுக்கு நின்றது. மலையைப் பார்த்தாள். மழை வருகிற நேரத்தில் இதற்கு மேல் எதற்குத் தண்ணீர்? ஒரு நிமிஷம் கை ஓடவில்லை. பிறகு, வாயைப் பிளந்த குஞ்சுகளின் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தானே தோன்றியது? சக்கரத்தை மாட்டினாள். காலையிலிருந்து கொஞ்சம் திறந்து கிடந்த பலகையை முழுசாக, அரைகுறை இல்லாமல், தட்டி நிற்கும் வரைக்கும் ஏற்றிவிட்டாள்.

மலையில் பெய்தது ஓடைகளில் இறங்கி ஏரிக்கு வந்து, ஏரியிலிருந்து வாய்க்காலில் செம்மண் நிறத்தில் வந்தது. குட்டை ஏறியது. அவள் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. தண்ணீர் கரையின் தாழ்ந்த மூலைக்கு வந்துவிட்டது. மூடலாமா? முழுசாக என்று அழுத்திச் சொன்னாரே. அவள் சக்கரத்தில் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தபோதே மூலை கரைந்து உடைத்துக்கொண்டது. பிறகு அவள் யோசிக்கவில்லை. பலகையை இறக்கினாள், மண்வெட்டியோடு ஓடினாள், மண்ணை வெட்டி வெட்டிப் போட்டாள். அதற்குள் தண்ணீரோடு தண்ணீராகக் குஞ்சுகள் வெள்ளி ஊசிகள் மாதிரி வரப்பு தாண்டி அய்யனாரின் நடவு வயலுக்குள் இறங்கிவிட்டன. அய்யனார் அடுத்த நிலத்துக்காரன்.

அதற்குள் ஊரிலும் மழை பிடித்துக்கொண்டது. ராஜாங்கம் பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்துகொண்டே ஓடி வந்தார். உடைப்பைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு.

“கட்டச் சொன்னேனேம்மா!”

“கட்னேன் சாரு!”

“எங்கம்மா கட்டுன? தொறந்துல்ல விட்டிருக்க!”

“ஆமா சாரு. நீ சொன்ன மாரியே முழுசா கட்னேன்.”

இருவரும் மழையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மலை மழைக்குப் பயந்து தண்ணீரை நிறுத்தச் சொல்லியிருந்தார். அவர் ஊரில் தண்ணீரைக் கட்டுவது என்றால் தடுத்து நிறுத்துவது. பயிருக்குத் தண்ணீர் வைப்பார்கள், பாய்ச்சுவார்கள். கட்ட மாட்டார்கள்.

மறுநாள் காலையில் தெய்வசிகாமணி வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு கரை மேல் நின்று விசாரித்தார்.

“சார், நீங்க இன்னா சொன்னீங்க?”

“தண்ணியக் கட்டச் சொன்னேங்க.”

“நீ இன்னாமே பண்ண?”

“தண்ணி கட்னேங்க.”

“அப்பறம் இன்னாதான் பிரச்சன?”

“அவங்க கட்டலைங்களே. தொறந்துட்டாங்க.”

“தொறக்காம எப்டி சார் தண்ணி கட்றது?”

ராஜாங்கம் தலைத் துண்டை அவிழ்த்தார். “மூடாம எப்படிங்க கட்டுறது?”

தெய்வசிகாமணி சின்னப்பொண்ணுவைப் பார்த்தார், ராஜாங்கத்தைப் பார்த்தார், கடைசியில் குட்டையைப் பார்த்தார். “ரெண்டு பேரும் சரியாத்தான் பேசறீங்க. அப்ப மீனுதான் தப்பு பண்ணிக்கினு பூட்ச்சா?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் சின்னப்பொண்ணுவின் பக்கம் திரும்பிக் கேட்ட அடுத்த கேள்விதான் அவளைக் குத்தியது.

“அவுரு இன்னா வேணா சொல்லட்டும். மழ வர்ற நேரத்துல எவளாச்சும் தண்ணி கட்டுவாளா? நீ எத்தினி வருசமா கட்ற?”

வயலாக இருந்தால் கட்டியிருக்க மாட்டேன் என்று சொல்லலாம். குட்டை வேறு என்று நினைத்தேன் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் வாயைத் திறந்தால் எது முதலில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

“மழக்காலம் போற வரிக்கும் நீ தீனி பாத்துக்க. சக்கரம் சார்கிட்ட இருக்கட்டும். தண்ணிக்கு மணலூர்பேட்டையில ஒரு ஆளுக்குச் சொல்லி வெச்சிக்கீறேன். தை பொறந்ததும் வந்துடுவான்” என்று சொல்லிவிட்டு அவர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, சக்கரம் ராஜாங்கத்தின் கைக்குப் போயிற்று. சின்னப்பொண்ணுவுக்குத் தீனி மூட்டை. கூலி அதேதான், குறையவில்லை. ஆனால் தை பிறந்தால் தண்ணீருக்கு வேறு ஆள். அதன் பிறகு ஊரில் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? தவிட்டையும் புண்ணாக்கையும் கலந்து குட்டையில் இறைக்கும்போது கால் தானாக வாய்க்கால் பக்கம் போகும். பிறகு நினைவு வந்து திரும்பும்.

வீட்டில் பிச்சைமுத்து ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பேசினான்.

“வுடுமே. ஒரு வார்த்தைக்குப் போயி. நான்கூடத்தான் உனுக்குத் தாலி கட்னேன். அது தொறக்கறதா, மூடறதா?”

“அது மாட்டிக்கறது” என்றாள் அவள்.

“பாத்தியா, மூணாவது ஒண்ணு கீது.”

அவன் சிரித்துவிட்டுப் படுத்துவிட்டான். அவளுக்கு அந்தச் சொல் விடவில்லை. மாட்டைக் கட்டினால் மாடு நிற்கிறது. மூட்டையைக் கட்டினால் உள்ளே இருப்பது வெளியே வராது. கடையைக் கட்டினால் யாவாரம் முடிந்தது. பூவைக் கட்டினாலும் சேலையைக் கட்டினாலும் எல்லாம் பிடித்து நிறுத்துகிற காரியம்தான். அப்படியிருக்கத் தண்ணீரை மட்டும் ஏன் கட்டினால் ஓடுகிறது? பிறந்ததிலிருந்து சொல்லி வந்த சொல். அது இப்போது வாயில் சிக்கிய தலைமுடி மாதிரி இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சந்தையில் ஒரு கீரைக்காரி “எத்தினி கட்டு?” என்று கேட்டதற்கு அவள் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் அய்யனார் தன் நடவுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கூப்பிட்டான்.

“வா சின்னப்பொண்ணு. உன் குஞ்சுங்க என் நெல்லுல மேயறத வந்து பாரு. அறுப்பு அறுக்கறப்ப சோறும் கொழம்பும் சேத்தே அறுத்துக்கறேன்.”

“சிரி சிரி. உனுக்கு வந்தா தெரியும்.”

“எனுக்கு எங்க வரப் போவுது? தண்ணிய கட்டுன்னு போன் பண்ண என் மாமன் உளுந்தூர்பேட்டைலயா கீறான்?”

அவள் வரப்பில் நின்றுவிட்டாள். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானே ஆயிரம் தரம் செய்த வேலைதான். வெளியே நின்று அவள் பார்த்ததே இல்லை. பாத்தி நிறைந்ததும் அய்யனார் ஒரு வெட்டு மண் எடுத்து அதன் வாயை அடைத்தான். அவ்வளவுதான் செய்தான். தண்ணீர் தானாகவே அடுத்த பாத்திக்குத் திரும்பிக்கொண்டது.

அவன் அடைக்கத்தான் செய்தான். போனது தண்ணீர்.

அப்படியென்றால் இத்தனை வருஷமும் நானும் அடைத்துக்கொண்டேதான் இருந்தேனா? பாய்ச்சினேன் என்று நினைத்ததெல்லாம் மூடியதுதானா? இந்த வாயை மூடினால் அந்த வாய் திறக்கும். வயலில் இரண்டும் ஒரே வேலை, அதனால் ஒரே சொல். குட்டைக்கு அடுத்த பாத்தி இல்லை. மூடினால் மூடியதுதான், திறந்தால் திறந்ததுதான். அப்படிப் பார்த்தால் சாரு சொன்னது சரி. ஆனால் ‘சின்னக் குட்டைக்கு’ என்றாரே? குட்டைக்கு என்றால் குட்டைக்குப் போகிற மாதிரி மற்றதை அடை என்றல்லவா ஆகிறது? அப்போது நான் செய்ததும் சரி. தெளிந்த மாதிரி இருந்தது மறுபடியும் கலங்கிவிட்டது.

மறுநாள் அவள் ராஜாங்கத்திடம் இதைச் சொல்லப் பார்த்தாள். தீனிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, மண்ணில் கோடு போட்டு, இது வாய்க்கால், இது பாத்தி என்று காட்டினாள். அவர் குந்தி உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டார். நடுவில் ஒரு தரம் ஆமாம் ஆமாம் என்றார். முடிந்ததும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நான் என்னன்னு சொல்லியிருக்கணும்?” என்று கேட்டார்.

“அதான் சாரு எனுக்கும் தெரியல.”

“எனக்கு இப்ப முன்னால தெரிஞ்சதும் போச்சும்மா” என்று அவர் எழுந்துகொண்டார். சக்கரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

கார்த்திகையில் ஒரு பிற்பகல், மலையில் மறுபடியும் பெய்து வாய்க்கால் முட்டிக்கொண்டு வந்தது. காலையில்தான் தெய்வசிகாமணி தன் மிச்சக் கரும்புக்கு யூரியா போட வைத்திருந்தார். சின்னப்பொண்ணு தலையில் தீனி மூட்டையோடு கரை மேல் வந்துகொண்டிருந்தாள். முதல் பெரிய குட்டையின் தலைப்பில் ராஜாங்கம் மார்பளவு தண்ணீரில் நின்றார். குழாய் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைத் துண்டு தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் கத்தினார்.

“கட்டும்மா! சீக்கிரம் வந்து கட்டு!”

மூட்டை அவள் தலையிலிருந்து தானாக விழுந்தது.

“இன்னாது சாரு?”

“கட்டு! கட்டு!” தண்ணீர் அவர் வாயில் அடித்தது. மிச்சம் கேட்கவில்லை.

“தொறக்கவா, மூடவா?”

அவர் கையைக் காட்டக்கூட முடியாமல் தலையை ஆட்டினார். அது ஆமாமா, இல்லையா, எதற்கு ஆமாம்? தொட்டி மேல் திருகு கம்பியில் சக்கரம் மாட்டியபடியே இருந்தது. அதை அவள் தொட்டுப் பல நாள் ஆயிற்று. தொடச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. இன்னொரு தரம் தப்பாகத் திருப்பினால் தை வரைக்கும்கூடத் தாங்காது, இன்றைக்கே மணலூர்பேட்டை ஆள் வந்துவிடுவான். திருப்பாமல் நின்றால்? அவர் மூக்கு வரைக்கும் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது.

அவளுக்கு அய்யனாரின் கை நினைவுக்கு வந்தது. இரண்டையும் செய்துவிடுவோம். ஏதோ ஒன்று சரியாக இருக்கும்.

சக்கரத்தைப் பிடித்துப் பலகையை அடிவரைக்கும் இறக்கினாள். மற்ற இரண்டு குட்டையிலும் பலகை முன்பே இறங்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டாள். அடைபட்ட தண்ணீர் வாய்க்காலில் ஏறுவதற்குள் கரையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடைமடைக்கு ஓடி, அது எட்டியது வரைக்கும் மடையை வெட்டினாள். வாய்க்கால் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி கீழே சரிந்து கரும்புக்குள் புகுந்து, கரும்பைத் தாண்டி ஓடைக்கு ஓடியது. ஒரு பக்கம் மூடியாயிற்று. ஒரு பக்கம் திறந்தாயிற்று. அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

ராஜாங்கம் குழாய் வாயில் வலைப் பையைச் சாவகாசமாகக் கயிற்றால் சுற்றிக்கொண்டிருந்தார். குழாயில் இப்போது தண்ணீர் வரவில்லை.

“வலயக் கட்டச் சொன்னேம்மா” என்றார். “கயிறு அவுந்துபோச்சு. நான் பிடிச்சுக்கறேன், நீ வந்து கட்டுன்னேன்.”

சின்னப்பொண்ணு அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று பிச்சைமுத்து அன்றைக்கே சொன்னான்.

“அப்ப நான் பண்ணது தப்பா சாரு?”

அவர் முடிச்சைப் போட்டுவிட்டு யோசித்தார். “தண்ணி நின்னதாலதான் கட்ட முடிஞ்சுது. நின்னிருக்காட்டா ரெண்டு பேர் கட்டியும் வல நின்னிருக்காது. தப்புன்னு எப்படிச் சொல்றது?” முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, “சரின்னும் சொல்ல முடியல. நாலஞ்சு விரால் பயலுவ உள்ள போயிட்டானுவ. பார்த்தேன்” என்றார்.

அவர் கரையேறித் துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே கரும்புப் பக்கமிருந்து சத்தம் வந்தது. தெய்வசிகாமணி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்துகொண்டிருந்தார்.

“எவன்டா அது கரும்புக்குத் தண்ணி கட்னது! காலையிலதான் யூரியா போட்டேன், மொத்தமும் ஓடைக்கு வாரிக்கினு போவுது! ஏம்மே, நீயா? யாரு உன்ன மடைகிட்ட போவச் சொன்னது? யாரு தண்ணி கட்டச் சொன்னது?”

சின்னப்பொண்ணு எழுந்து நின்றாள். மண்வெட்டி கையில், சேறு முழங்கை வரைக்கும். நானேதான் என்று சொன்னால் இன்றோடு முடிந்தது. சாரு சொன்னார் என்று சொன்னால் அவர் சொன்னது அதுவல்ல. அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜாங்கம் துண்டில்லாத தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“நான்தாங்க கட்டச் சொன்னேன்.”

தெய்வசிகாமணி நின்றார். “நீங்களா?”

“ஆமாங்க. கட்டுன்னுதான் சொன்னேன். ரெண்டு மூணு தரம் சொன்னேன்.”

அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சின்னப்பொண்ணுவும் தலையசைத்தாள், அவளும் பொய் சொல்லவில்லை. “சொன்னாருங்க. கத்திச் சொன்னாரு.”

“இல்லன்னா பெரிய குட்டை முழுக்க விரால் பூந்திருக்கும்ங்க” என்றார் ராஜாங்கம். பிறகு தொட்டிக்குப் போய்ச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, தெய்வசிகாமணியின் எதிரிலேயே அவள் கையில் கொடுத்தார். “என்னால தனியா முடியலைங்க. நான் தண்ணிக்குள்ள இருந்தா சக்கரத்துக்கு ஒரு ஆள் கரையில வேணும். மணலூர்பேட்டை ஆள் வந்தாலும் அவனும் இந்த ஊர்ப் பேச்சுதானே பேசுவான்? இவங்களோட நான் பாதி பழகிட்டேன். இனிமே ‘தொற’, ‘மூடு’. வேற வார்த்தை கிடையாது.”

இரும்பு ஈரமாகவும் கனமாகவும் இருந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணிக்கு யூரியா ஒரு பக்கம், விரால் ஒரு பக்கம். எதற்குக் கோபப்படுவது என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது, கணக்கு வரவில்லை. “இன்னாவோ பண்ணுங்க” என்றார். “மணலூர்பேட்டக்காரனுக்கு வரவேணாம்னு சொல்லிடறேன்.” வந்த வழியே திரும்பி நாலு அடி வைத்தவர், எதையோ நினைத்துக்கொண்டு தோளுக்கு மேலே சொன்னார். “சின்னப்பொண்ணு, போவறதுக்கு முன்னால கரும்புல தண்ணிய கட்டிட்டுப் போ.”

சின்னப்பொண்ணு ராஜாங்கத்தைப் பார்த்தாள். ராஜாங்கம் இரண்டு கையையும் விரித்தார். “என்னைப் பார்க்காதம்மா. அவர் உங்க ஊரு.”

கரும்புக்கு என்றாரா, கரும்பில் என்றாரா? யூரியா மேலும் போகாமல் அடைக்கச் சொல்கிறாரா, போனதுதான் போயிற்று, தண்ணீராவது நிறையப் பாயட்டும் என்கிறாரா? போன வருஷம் வரைக்கும் இதைக் கேட்டால் கால் தானாக நடந்திருக்கும். இப்போது ஒரு கையில் சக்கரமும் ஒரு கையில் மண்வெட்டியுமாக அவள் கரையில் நின்றாள்.

“ஐயா!” என்று கூப்பிட்டாள். “கட்டறதுன்னா தொறக்கறதா, மூடறதா?”

தெய்வசிகாமணி திரும்பினார். அவள் கிண்டல் செய்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தார். இல்லை. கரும்பைப் பார்த்தார், மலை மேல் இன்னும் கலையாத மேகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார்.